பழைய எக்ஸ்டி கம்ப்யூட்டரில் இன்டர்நெட் சாட் புரோகிராம் எழுதுவது எப்படி?

கோத்தகிரிப் பக்கம் ஒரு டீ ஃபாக்டரி அலுவலகத்தில் முன்பு கணக்குப் பார்க்க வைத்திருந்த எக்ஸ்டி கம்ப்யூட்டர் (1980களின் ஐபிஎம் பிசி வகை) ஒரு தம்பி கைக்கு வந்திருக்கிறது. 8088 பிராசஸர், 640 கேபி மெமரி, ஹெர்குலிஸ் என்கிற திரைக் கார்டு, பச்சை எழுத்து மானிட்டர், டாஸ் ஆபரேட்டிங் சிஸ்டம். இதை இன்டர்நெட்டில் சேர்த்து, ஐஆர்சியில் (எழுத்தில் மட்டும் பேசுகிற பழைய இன்டர்நெட் சாட் முறை) நாலு பேரோடு பேசுகிற சாட் புரோகிராமை, முடிந்தால் தமிழிலும் பேசுகிற மாதிரி, தானே எழுத முடியுமா, சி ஓரளவு தெரியும், எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறார். குன்னூரில் இதே மாதிரிப் பெட்டிகளோடு பல வருடமாகப் பழகியவன் என்பதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும்.

முடியும் தம்பி, தாராளமாக முடியும். ஐபிஎம் பிசி வெளிவந்தது 1981 ஆகஸ்டில். இன்றும் இன்டர்நெட் நடக்கிற டிசிபி விதிகளை (டேட்டா தொலையாமல், வரிசை மாறாமல் போய்ச் சேர்வதற்கானவை) வரையறுத்த ஆர்எஃப்சி 793 என்கிற ஆவணம் வந்தது அதே வருடம் செப்டம்பரில். இரண்டும் ஒரே வயது. ஐஆர்சியை ஃபின்லாந்தின் ஔலு நகரத்தில் யார்கோ ஒய்கரினென் எழுதியது 1988இல், அதாவது எக்ஸ்டி இன்னும் மேஜைகளில் ஓடிக்கொண்டிருந்த காலத்தில். ஒரு ஐஆர்சி வரி எவ்வளவு நீளமானாலும் 512 பைட்டைத் தாண்டாது. மனிதர்கள் டைப் அடிக்கிற வேகத்துக்கு 4.77 மெகாஹெர்ட்ஸ் போதும், மிச்சமும் இருக்கும்.

கஷ்டம் வேகத்தில் இல்லை. டாஸுக்கு நெட்வொர்க் என்றால் என்னவென்றே தெரியாது, ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் செய்யும். லினக்ஸில் சாக்கெட் திறந்து, "டேட்டா வரும் வரை நில்" என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம், மற்றதை ஆபரேட்டிங் சிஸ்டம் பார்த்துக்கொள்ளும். இங்கே நீங்கள் நின்றால் எல்லாமே நின்றுவிடும்: கீபோர்டு, திரை, சர்வருக்குப் போக வேண்டிய பதில், எல்லாம். அதனால் இந்த மாதிரி புரோகிராமுக்கு நான் சொல்கிற ஒரே பெரிய விதி, எந்த இடத்திலும் எதற்காகவும் நின்று காத்திருக்கக் கூடாது. கீழே சொல்கிற அத்தனையும் இந்த ஒன்றைக் காப்பாற்றத்தான்.

முதலில் பெட்டி. மலையில் இருந்த மெஷின் என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன். நீலகிரியின் ஈரம் எலக்ட்ரானிக்ஸை மெதுவாகத் தின்கிறது. பிளாப்பியைத் திருப்பி, உள்ளே தெரிகிற வட்டத்தில் வெள்ளையாகப் பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று பாருங்கள். பிடித்திருந்தால் டிரைவில் போடாதீர்கள், டிரைவின் ஹெட்டும் கெட்டுப்போகும். ஸ்லாட் கார்டுகளில் செருகுகிற ஓரத்தில் இருக்கிற உலோக விரல்களை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடையுங்கள். பெரும்பாலான எக்ஸ்டி போர்டுகளில் பேட்டரி இருக்காது, கடிகாரத்துக்காகத் தனி கார்டு போட்டிருந்தால் அதில் இருக்கும், கசிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிளாப்பியை நம்பாமல், காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டை ஹார்ட் டிஸ்காகக் காட்டுகிற எக்ஸ்டி-ஐடிஇ கார்டு ஒன்று வாங்கிப் போட்டுவிட்டால் ஃபைல்களைக் கொண்டுபோவது எளிது. சித்திரை, வைகாசி இடி மழையில் ரவுட்டரிலிருந்து வருகிற நெட்வொர்க் கேபிளைக் கழற்றி வையுங்கள்.

அடுத்தது நெட்வொர்க் கார்டு. உங்கள் ஸ்லாட்டுகள் 8 பிட். என்இ2000 வகைக் கார்டுகள்தான் எங்கும் கிடைக்கும், கோவையில் பழைய எலக்ட்ரானிக்ஸ் விற்கிற கடைகளில் தேடினாலும் பெரும்பாலும் அதுதான் கையில் வரும், ஆனால் அது 16 பிட் கார்டு. 8 பிட் ஸ்லாட்டில் ஓடுமா என்பது அதன் சிப்பைப் பொறுத்தது. ரியல்டெக் 8019ஏஎஸ் சிப் இருந்தால் 8 பிட்டிலும் ஓடும், டிரைவரும் 8 பிட்டில் பேசுகிற பதிப்பாக இருக்க வேண்டும். 3காம் 3சி503 பிறப்பிலேயே 8 பிட் கார்டு. பின்னால் வட்டமான பிஎன்சி மட்டும் இருக்கிற கார்டை வாங்காதீர்கள், இன்றைய ரவுட்டரில் செருகுகிற சதுரமான ஆர்ஜே45 வாய் வேண்டும். எக்ஸ்டியில் இன்டரப்ட் (கார்டு பிராசஸரைக் கூப்பிடுகிற லைன்) 2 முதல் 7 வரைதான் கார்டுகளுக்கு, அதற்கு மேல் கிடையாது. என்இ2000 கார்டுகள் பல 3ஆம் இன்டரப்டில் அமைத்து வரும், காம்2 சீரியல் போர்ட்டும் அதே 3தான். இரண்டும் மோதினால் கார்டு இருப்பது தெரியும், பாக்கெட் போகும், ஆனால் எதுவும் திரும்பி வராது. இந்த அறிகுறியை ஞாபகம் வையுங்கள்.

சீரியல் போர்ட் வழியாகவும் வரலாம், வைஃபை மோடம் என்று சின்னப் பலகைகள் இப்போது கிடைக்கின்றன, ஸ்லிப் என்கிற 1988ஆம் வருடத்து எளிய முறையும் இருக்கிறது (192 என்ற பைட் பாக்கெட்டின் முடிவு, உள்ளே 192 வந்தால் 219, 220 என்றும், 219 வந்தால் 219, 221 என்றும் இரண்டாக அனுப்பு, அவ்வளவுதான்). ஆனால் எக்ஸ்டியில் இருக்கிற 8250 சீரியல் சிப் ஒரே ஒரு பைட்டைத்தான் பிடித்து வைக்கும். 115200 வேகத்தில் ஒரு பைட்டுக்கு 87 மைக்ரோசெகண்ட், அதாவது சுமார் 415 கிளாக். அதற்குள் அதை எடுக்காவிட்டால் அடுத்தது அதன் மேல் வந்து விழும். 9600இல் நிம்மதியாக ஓட்டலாம். கார்டு கிடைக்கும் என்றால் கார்டுதான் என் தேர்வு.

கார்டு வந்ததும், எதையும் எழுதுவதற்கு முன், மைக்கேல் பிரூட்மன் எழுதிய எம்டிசிபி தொகுப்பைப் போட்டு ஓட்டிப் பாருங்கள். டாஸுக்கான டிஹெச்சிபி (ரவுட்டரிடம் முகவரி வாங்குவது), பிங் (எதிர்ப்பக்கம் பதில் சொல்கிறதா என்று தட்டிப் பார்ப்பது), டெல்நெட், எஃப்டிபி, ஐஆர்சிஜூனியர் என்ற சாட் புரோகிராம் எல்லாம் அதில் உண்டு, 8088இல் நன்றாக ஓடும், சோர்ஸும் திறந்தது. அது ஓடினால் கார்டு, கேபிள், டிரைவர், ரவுட்டர் நாலும் சரி என்று அர்த்தம், பிறகு வருகிற தப்பெல்லாம் உங்கள் கோடில்தான். அவர் சோர்ஸை அப்படியே லைப்ரரியாக எடுத்து மேலே சாட் மட்டும் எழுதலாமா என்றால், எழுதலாம். அதற்கும் முன்னால் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் எரிக் எங்கல்கி எழுதிய வாட்டிசிபி, அமெச்சூர் ரேடியோக்காரர்களுக்காக ஃபில் கார்ன் எழுதிய கேஏ9கியூ என்று நல்ல பரம்பரையே இருக்கிறது. ஆனால் பிங்குக்குப் பதில் வருகிற வரையாவது சொந்தமாக எழுதுங்கள் என்பது என் கருத்து. அந்தப் பகுதிதான் இந்தக் கம்ப்யூட்டரைப் புரியவைக்கும்.

சரி, பாக்கெட் டிரைவர், அதாவது எந்தக் கார்டானாலும் நம் புரோகிராம் ஒரே மாதிரிப் பேச உதவுகிற டிரைவர். எஃப்டிபி சாஃப்ட்வேர் என்ற கம்பெனி வரையறுத்தது, பிறகு எல்லாக் கார்டுக்கும் ரஸல் நெல்சன் தொகுத்த கிரின்வர் டிரைவர்கள் பரவின. டிரைவர் மெமரியில் உட்கார்ந்துகொண்டு, ஹெக்ஸ் 60க்கும் 80க்கும் இடையில் ஒரு சாஃப்ட்வேர் இன்டரப்டை (புரோகிராம் டிரைவரைக் கூப்பிடுகிற எண்) பிடித்துக்கொள்ளும். எந்த எண் என்று கண்டுபிடிக்க, ஒவ்வொரு இன்டரப்டின் முகவரிக்கும் போய், மூன்று பைட் தள்ளி "பிகேடி டிஆர்விஆர்" என்ற ஆங்கில எழுத்துகள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கிடைத்ததும், "ஐபி வகை பாக்கெட் வந்தால் என்னுடைய இந்த ஃபங்ஷனைக் கூப்பிடு" என்று பதிவு செய்கிறோம், ஏஆர்பி (ஐபி முகவரி எந்தக் கார்டுடையது என்று கேட்பது) வகைக்கு இன்னொரு முறை.

அந்த ஃபங்ஷனை டிரைவர் ஒரு பாக்கெட்டுக்கு இரண்டு தடவை கூப்பிடும். பால்காரர் வாசலில் வந்து பாத்திரம் கேட்டு, ஊற்றிவிட்டு, "ஊற்றியாச்சு" என்று சொல்லிப் போகிற மாதிரி. முதல் அழைப்பில் ஏஎக்ஸ் ரெஜிஸ்டரில் 0, சிஎக்ஸில் பாக்கெட் நீளம். நாம் ஈஎஸ்:டிஐயில் ஒரு காலி பஃபரின் முகவரியைத் தர வேண்டும். டிரைவர் கார்டிலிருந்து அதில் காப்பி செய்துவிட்டு, ஏஎக்ஸில் 1 வைத்து மறுபடி கூப்பிடும். பஃபர் காலி இல்லையா, 0:0 கொடுத்துவிடுங்கள், அந்த பாக்கெட் தொலையும். தொலையட்டும், அனுப்பினவர் திருப்பி அனுப்புவார், டிசிபி இருப்பதே அதற்குத்தான்.

இந்த அழைப்பு வருவது இன்டரப்டின் நடுவில். அந்த நேரம் உங்கள் புரோகிராம் டிஸ்கில் எழுதிக்கொண்டு இருக்கலாம், திரையை நகர்த்திக்கொண்டு இருக்கலாம். அதனால் உள்ளே டாஸ் அழைப்பு எதுவும் கூடாது, ஏனென்றால் டாஸைப் பாதியில் விட்டு மறுபடி உள்ளே நுழைய முடியாது. மாலாக் கூடாது, பிரிண்ட்எஃப் கூடாது. டிஎஸ் ரெஜிஸ்டர் யாருடையதோ, ஸ்டாக்கும் டிரைவருடையது, அதனால் கம்பைலர் தானாகச் சேர்க்கிற ஸ்டாக் சோதனையை அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் முதல் பாக்கெட்டிலேயே "ஸ்டாக் ஓவர்ஃப்ளோ" என்று நிற்கும். நான் இந்தத் துண்டை மட்டும் அசெம்பிளியில் எழுதுவேன், பத்துப் பதினைந்து வரிதான். முன்கூட்டியே 1514 பைட் அளவில் பத்து பஃபர் ஒதுக்கி (மொத்தம் 15 கேபி), காலிப் பட்டியல், வந்த பட்டியல் என்று இரண்டு வைத்துக்கொள்ளுங்கள். இன்டரப்டில் செய்வதெல்லாம் ஒரு பாயின்டரை இங்கிருந்து அங்கே மாற்றுவது மட்டும். பாக்கெட்டைப் பிரித்துப் பார்ப்பது, பதில் சொல்வது எல்லாம் மெயின் லூப்பில்.

வெளியேறும்போது பதிவை நீக்க மறக்கக் கூடாது. கன்ட்ரோல்-சி, கன்ட்ரோல்-பிரேக், டிஸ்க் எரர் எந்த வழியில் வெளியே போனாலும் நீக்கிவிட்டுத்தான் போக வேண்டும். உங்கள் புரோகிராம் இருந்த இடத்தில் வேறு புரோகிராம் வந்து உட்கார்ந்த பிறகும் டிரைவர் பழைய முகவரியைத்தான் கூப்பிடும். சாட்டிலிருந்து வெளியே வந்து, கொஞ்ச நேரம் கழித்து எடிட்டரில் இருக்கும்போது மெஷின் உறைந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான்.

காப்பி செய்வதற்கு ஆகிற விலையையும் ஒரு தடவை கணக்குப் பார்த்துவிடுங்கள். 8088இல் மெமரியைக் காப்பி செய்கிற ரெப் மூவ்ஸ்டபிள்யூ கட்டளை ஒரு வேர்டுக்கு (இரண்டு பைட்) 25 கிளாக் எடுக்கும். 1500 பைட் என்றால் 750 வேர்டு, சுமார் 18,750 கிளாக், கிட்டத்தட்ட 4 மில்லிசெகண்ட். அதே பாக்கெட் 10 மெகாபிட் கேபிளில் 1.2 மில்லிசெகண்டில் வந்துவிடுகிறது. அதாவது வந்து விழுவதை ஒரு தடவை நகர்த்துவதற்குள் இன்னும் மூன்று வந்துவிடலாம். பஃபரிலிருந்து இன்னொரு பஃபருக்கு, அங்கிருந்து இன்னொன்றுக்கு என்று இன்றைய பழக்கத்தில் எழுதினால் இந்த மெஷின் அதிலேயே காலம் தள்ளும். பாக்கெட் விழுந்த இடத்திலேயே வைத்துப் படியுங்கள். செக்சம் (பாக்கெட் கெடாமல் வந்ததா என்று பார்க்கிற கூட்டல்) கூட்டும்போதும் ஒவ்வொரு வேர்டையும் பைட் திருப்ப வேண்டியதில்லை. இன்டெல் வரிசையிலேயே கூட்டி, விடையை அப்படியே எழுதினால் சரியாக வரும், ஒன்ஸ் காம்ப்ளிமென்ட் கூட்டலின் அழகு அது, 1988ஆம் வருடத்து ஆர்எஃப்சி 1071இல் விளக்கமாக இருக்கிறது. கேரியோடு கூட்டுகிற ஏடிசி கட்டளையை வரிசையாக அடுக்கி எழுதுங்கள்.

எழுதுகிற வரிசை: ஏஆர்பி, பிங், யுடிபி (ஒற்றைப் பாக்கெட்டாக அனுப்புகிற எளிய முறை), டிஎன்எஸ் (சர்வர் பெயரைக் கொடுத்து முகவரி கேட்பது), கடைசியில் டிசிபி. ஏஆர்பியில் நாம் கேட்பது மட்டும் போதாது, ரவுட்டர் நம்மைக் கேட்டால் பதில் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் சில நிமிடம் நன்றாக ஓடி அப்புறம் நின்றுபோகும். ஐபி துண்டுகளைச் சேர்க்கிற வேலையை விட்டுவிடுங்கள், சாட்டுக்கு அது தேவைப்படாது.

டிசிபியில் உங்களுக்கு வேண்டியது ஒரே ஒரு இணைப்பு, அதுவும் நாமாகப் போய்ச் சேர்வது மட்டும். முழு டிசிபியில் பாதி அதிலேயே கழிந்துவிடும். வரிசை மாறி வருகிற துண்டுகளைத் தூக்கிப் போட்டுவிடலாம், மறுபடி வரும். எம்எஸ்எஸ் (ஒரு துண்டின் அதிகபட்ச அளவு) 536 என்று சொன்னால் சின்னத் துண்டுகளாக வரும், மெமரி மிச்சம். காலி பஃபர் எத்தனை இருக்கிறதோ அதற்கு ஏற்பத்தான் விண்டோ அளவை (இன்னும் எவ்வளவு வாங்கிக்கொள்ள முடியும் என்பதை) சொல்ல வேண்டும். சீக்வென்ஸ் நம்பர் (அனுப்புகிற பைட்டுகளின் வரிசை எண்) 32 பிட், உங்கள் கம்பைலரில் இன்ட் 16 பிட், கவனம். இரண்டு எண்ணில் எது முந்தியது என்று பார்க்க நேரடியாக ஒப்பிடாமல், கழித்து, விடை நெகட்டிவா என்று லாங்கில் பாருங்கள்.

டைமர்தான் மலையில் இருப்பவர்களுக்கு முக்கியம். மரம் விழுந்து லைன் போன சாயங்காலம், ஃபைபர் இல்லாமல் ஊரே மொபைல் டேட்டாவுக்கு மாறும்போது, சாதாரணமாகச் சில பத்து மில்லிசெகண்டில் போய் வருகிற பாக்கெட் ஒன்றிரண்டு செகண்ட் எடுத்துக்கொள்ளும். "ஒரு செகண்டில் பதில் வராவிட்டால் மறுபடி அனுப்பு" என்று நிலையான எண்ணை எழுதி வைத்தால், அந்த நேரத்தில் ஒவ்வொரு வரியையும் இரண்டு மூன்று தடவை அனுப்பி, நெரிசலை நாமே கூட்டுவோம். போய் வருகிற நேரத்தை அளந்து, சராசரியும் அலைச்சலும் வைத்துக் காத்திருப்பைக் கணக்கிடுகிற முறையை வான் ஜேக்கப்சன் 1988இல் கொடுத்தார். அதில் வகுத்தல் எல்லாம் 8ஆலும் 4ஆலும்தான், பிட் நகர்த்தினால் போதும். 8088இல் ஒரு நிஜமான 16 பிட் வகுத்தலுக்கு 140 கிளாக்குக்கு மேல் ஆகும் என்பதால் இது பெரிய வரம். அதோடு, திருப்பி அனுப்பின பாக்கெட்டுக்கு வந்த பதிலை வைத்து நேரத்தை அளக்காதீர்கள், எந்தப் பிரதிக்கு வந்த பதில் என்று தெரியாது. இந்த விதிக்குப் பெயரே கார்ன் அல்காரிதம், மேலே சொன்ன அதே ஃபில் கார்ன்.

நேரத்தை எதை வைத்து அளப்பது? பயாஸ் டிக் செகண்டுக்கு 18.2 தடவை, ஒரு டிக் 55 மில்லிசெகண்ட், இந்த வேலைக்குப் போதும். ஆனால் பயாஸ் வைத்திருக்கிற டிக் எண்ணிக்கை நள்ளிரவில் 15,73,040ஐத் தொட்டதும் பூஜ்யத்துக்குத் திரும்பிவிடும். இப்போதைய டிக்கிலிருந்து பழையதைக் கழிக்கிற கோடு அந்த நொடியில் பைத்தியக்கார விடை தரும். சாட் செய்கிறவர்கள் விழித்திருப்பதே அந்த நேரத்தில்தான். ஒவ்வொரு டிக்குக்கும் வருகிற ஹெக்ஸ் 1சி இன்டரப்டைப் பிடித்துச் சொந்தமாக ஒரு 32 பிட் எண்ணியை ஓட்டுங்கள்.

கடிகார கார்டு இல்லாத எக்ஸ்டி ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் 1980 ஜனவரி 1 என்றே நினைத்துக்கொள்ளும். தேதியை வைத்து போர்ட் எண்ணையும் முதல் சீக்வென்ஸ் நம்பரையும் தேர்ந்தெடுத்தால், கரண்ட் போய் வந்த பிறகு பழைய அதே எண்களோடு சர்வரின் கதவைத் தட்டுவோம். அங்கே செத்துப்போன பழைய இணைப்பு இன்னும் உயிரோடு இருப்பதாகப் பதிவில் இருக்கும், குழப்பம்தான். கீ அழுத்துகிற தருணத்தில் டைமர் சிப்பின் எண்ணியைப் படித்து அதைக் கலந்துகொள்ளுங்கள். இதே காரணத்தால் உங்கள் பெயரும் "ஏற்கெனவே உபயோகத்தில்" என்று 433 வரும், உடனே பெயருக்குப் பின்னால் ஒரு அடிக்கோடு (_) சேர்த்து மறுபடி முயல்கிற மாதிரி எழுதுங்கள்.

மெயின் லூப் சின்னது. வந்த பாக்கெட் இருக்கிறதா, டைமர் எதுவும் முடிந்ததா, கீ அழுத்தினார்களா (ஹெக்ஸ் 16 இன்டரப்டில் எட்டிப் பார்க்கிற அழைப்பு, காத்திருக்கிற அழைப்பு இல்லை), திரையில் வரைய வேண்டியது உண்டா, மறுபடி முதலில் இருந்து. டிஎன்எஸ் பதிலுக்குக் காத்திருப்பதும், இணைப்பு ஏற்படக் காத்திருப்பதும் இந்த லூப்புக்குள் ஒவ்வொரு நிலையாக இருக்க வேண்டும், தனியாக ஒரு வைல் லூப் போடக் கூடாது. டிஸ்கில் பேச்சைப் பதிவு செய்வதாக இருந்தால் வரிக்கு வரி எழுதாமல் சேர்த்து வைத்து எழுதுங்கள், பிளாப்பி மோட்டார் சுற்ற ஆரம்பிக்கிற நேரத்தில் எல்லாம் நிற்கும்.

ஐஆர்சி பகுதி எளிது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். 6667 போர்ட்டில் சேர்ந்து நிக், யூசர் இரண்டு வரி அனுப்பி, 001 வந்ததும் ஜாயின். ஒரு டிசிபி துண்டில் ஒன்றரை வரி வரும், அடுத்ததில் மீதி அரை வரி வரும், அதனால் வரி முடிகிற வரை சேர்த்து வைத்துப் பிறகு பிரியுங்கள். சர்வரிடமிருந்து "பிங்" என்ற ஐஆர்சி வரி வந்தால் (முன்னால் சொன்ன பிங் பாக்கெட் இல்லை) உடனே "பாங்" வரி. சர்வர் பேசாமலே இருந்தால் இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவை நாமே பிங் அனுப்ப வேண்டும், ரவுட்டர் இணைப்பை மறந்துவிட்டால் வேறு எந்த வழியிலும் தெரியாது. வண்ணக் குறியீடுகள், 3 என்ற பைட்டும் பின்னால் வருகிற எண்களும், உங்கள் பச்சைத் திரைக்குத் தேவையில்லை, உரித்துவிடுங்கள். ஹெர்குலிஸ் டெக்ஸ்ட் மோடில் அடிக்கோடு உண்டு, பேசுகிறவர் பெயருக்கு அதைக் கொடுத்தால் வண்ணம் இல்லாத குறையே தெரியாது.

டிஎல்எஸ் என்கிற ரகசியக் குறியீட்டு முறையை அந்த 8088 மேல் ஏற்ற வேண்டாம். கணக்கு பிட் பிட்டாகச் செய்து முடிப்பதற்குள் சர்வர் இணைப்பைத் துண்டித்துவிடும். வீட்டில் ஒரு ராஸ்பெர்ரி பையில் இசட்என்சி என்கிற பவுன்சரை ஓட்டுங்கள். வெளியே டிஎல்எஸ்ஸோடு அது பேசும், வீட்டுக்குள் இருக்கிற இரண்டு மீட்டர் கேபிளில் எக்ஸ்டி வெறுமையாகப் பேசும். பை சின்ன பேட்டரியிலேயே ஓடும் என்பதால் கரண்ட் இல்லாத நேரத்தில் பேசினதையும் பிடித்து வைத்திருந்து தரும், நம் ஊருக்கு இது மிக நல்லது. பவுன்சர் இல்லாமல் நேராகப் போவதாக இருந்தால் வேறெங்கும் உபயோகிக்கிற பாஸ்வேர்டை அதில் டைப் அடிக்காதீர்கள், வழியில் யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

இப்போது தமிழ். நீங்கள் கேட்டதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான், ஏனென்றால் இதை உங்களுக்கு முன்னால் வெளிநாட்டுக்காரர் யாரும் எழுதி வைத்திருக்க மாட்டார்கள்.

இன்று வருகிற தமிழெல்லாம் யுடிஎஃப்-8. ஒவ்வொரு யூனிகோட் எழுத்துக்கும் மூன்று பைட். "வணக்கம்" என்றால் வ, ண, க, புள்ளி, க, ம, புள்ளி என்று ஏழு குறி, 21 பைட். 512 பைட் வரியில் தலைப்பு போக ஏறக்குறைய 150 குறி வரை எழுதலாம். வரியை வெட்டும்போது எழுத்தின் நடுவில் வெட்டிவிடக் கூடாது, 128 முதல் 191 வரையிலான பைட் என்றால் அது நடுப்பகுதி, பின்னால் நகர்ந்து வெட்டுங்கள். மற்றபடி படிப்பது மிக எளிது. யூனிகோடில் தமிழுக்கு 128 இடம். முதல் பைட் எப்போதும் 224. இரண்டாவது 174 அல்லது 175. இரண்டாவதில் 174ஐக் கழித்து 64ஆல் பெருக்கி, மூன்றாவதில் 128ஐக் கழித்துக் கூட்டினால், 0 முதல் 127 வரை ஒரே எண். அதை வைத்து ஒரு சின்ன அட்டவணையில் பார்த்தால் முடிந்தது. தமிழ் ஒரு பைட்டில் அடங்கிவிடுகிறது, 8088க்கு இதைவிட வசதியானது கிடையாது.

காட்டுவதுதான் வேலை. ஹெர்குலிஸ் டெக்ஸ்ட் மோடில் எழுத்து வடிவத்தை மாற்ற முடியாது, அதனால் 720க்கு 348 கிராஃபிக்ஸ் மோடுக்குப் போக வேண்டும். ஒரு புள்ளி வரிக்கு 90 பைட், எழுத்து உயரம் 16 புள்ளி என்று வைத்தால் 21 எழுத்து வரி. க, ண, ழ மாதிரி எழுத்துகளுக்கு 16 புள்ளி அகலம், கால், ஒற்றைக்கொம்பு மாதிரித் துண்டுகளுக்கு 8 புள்ளி, இரண்டே அகலம். பைட் எல்லையிலேயே எழுத்து நிற்பதால் பிட் நகர்த்த வேண்டிய வேலை இல்லை. கொம்பும் ஐகாரமும் யூனிகோடில் மெய்க்குப் பின்னால் வரும், திரையில் முன்னால் வரைய வேண்டும், கொ, கோ, கௌ என்றால் இரண்டு பக்கமும். கு, கூ, டி, டீ, னு மாதிரி உருவம் மாறுகிறவற்றுக்குத் தனித்தனி வடிவம் செய்ய வேண்டும். எந்தெந்த வடிவம் வேண்டும் என்ற பட்டியலுக்கு டிஸ்கி குறியீட்டைப் பாருங்கள். யூனிகோட் பரவுவதற்கு முன் தமிழ் இணையத்தில் பரவலாக இருந்த குறியீடுகளில் அது ஒன்று, கீழ்ப்பாதியில் ஆங்கிலம் அப்படியே இருக்க மேல்ப்பாதியில் தமிழ் முழுவதையும் அடக்கியவர்கள், இந்தக் கணக்கை நமக்காக ஏற்கெனவே போட்டு வைத்திருக்கிறார்கள். டைப் அடிக்க தமிழ்99 கீபோர்டு முறை. உயிர் இடது கை, மெய் வலது கை, ஒரே மெய்யை இரண்டு தடவை அடித்தால் முதலில் தானாகப் புள்ளி. அதன் விதிகள் ஒரு பக்கத்துக்குள் எழுதிவிடலாம்.

கிராஃபிக்ஸில் திரையை ஒரு வரி மேலே தள்ளுவது கிட்டத்தட்ட 30,000 பைட் நகர்த்துவது. மேலே சொன்ன கணக்கில் 78 மில்லிசெகண்ட், நிஜத்தில் வீடியோ மெமரி இன்னும் மெதுவாக இருக்கும். அவ்வளவு நேரம் லூப் திரும்பாது. ஹெர்குலிஸ் திரை மெமரி நாலு பாங்காகப் பிரிந்து, ஒவ்வொரு நாலாவது புள்ளி வரியும் ஒரே பாங்கில் இருக்கும். 16 புள்ளி உயரம் நாலால் வகுபடுவதால் ஒவ்வொரு பாங்கையும் தனித்தனியாக 360 பைட் மேலே தள்ளினால் போதும். நாலையும் ஒரே மூச்சில் செய்யாமல், லூப்பின் ஒரு சுற்றுக்கு ஒரு பாங்க், சுமார் 20 மில்லிசெகண்ட், நடுநடுவில் பாக்கெட்டையும் கீபோர்டையும் பார்த்துவிடுங்கள். கண்ணுக்கு ஒரு சின்ன அசைவு தெரியும், ஆனால் எழுத்து எதுவும் விடுபடாது.

கம்பைலருக்கு ஓப்பன் வாட்காம். லேப்டாப்பில் கம்பைல் செய்து 8088க்கான எக்ஸ்இ எடுக்கலாம். பழைய பிசியைப் போல நடிக்கிற 86பாக்ஸ் என்ற புரோகிராமில் எக்ஸ்டியையும் நெட்வொர்க் கார்டையும் போட்டு முதல் கட்டத்தை அங்கேயே முடியுங்கள், நெட்வொர்க்கில் போவதைப் படித்துக் காட்டுகிற வயர்ஷார்க்கில் உங்கள் பாக்கெட்டின் ஒவ்வொரு பைட்டும் தெரியும், செக்சம் சோதனையை அதில் ஆன் செய்து வைத்தால் தப்பையும் அதுவே சொல்லும். லினக்ஸில் டிசி நெட்எம் என்று ஒரு வசதி இருக்கிறது, பத்தில் ஒரு பாக்கெட்டைத் தொலைக்கவும், பதிலை இரண்டு செகண்ட் தாமதிக்கவும் அதனிடம் சொல்லலாம். அந்த நிலைமையில் ஒரு மணி நேரம் புரோகிராம் ஓடினால்தான் எக்ஸ்டிக்குக் கொண்டுபோக வேண்டும். நல்ல இணைப்பில் மட்டும் சோதித்த டிசிபி, ஐப்பசி மழையில் கோத்தகிரியில் தாங்காது.

இப்போதைக்குக் கார்டு வாங்கி, பாக்கெட் டிரைவரைத் தேடிப் பிடித்து, ரவுட்டரின் ஏஆர்பி பதிலை பஃபரில் பார்க்கிற வரை எழுதுங்கள். கார்டில் இருக்கிற பெரிய சிப்பின் மேல் அச்சிட்ட எண்ணையும், மெஷினில் வேறு என்னென்ன கார்டு செருகியிருக்கிறது என்பதையும் சொன்னால், எந்த டிரைவர், எந்த இன்டரப்ட் என்று பார்த்துச் சொல்கிறேன்.